காலி அஸ்திக் கலசம்

ப்ளூடார்க்ங்கிற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதின க்ராஸஸோட வாழ்க்கைக் கதையில கடைசி பக்கம் ஒண்ணு இருக்கு. அத முதல் தடவ படிச்சப்போ புத்தகத்த மூடி வச்சிட்டு, ஒரு காபி போட்டுக் குடிச்சிட்டுதான் திரும்பி வந்தேன்.

கி.மு. 53. ரோமோட பெரும் பணக்காரர் க்ராஸஸ், ஸ்பார்டகஸ் கலகத்த அடக்கினாரே அதே ஆளு, பார்த்தியாங்கிற பழைய ஈரான் ராஜ்யத்து மேல படையெடுத்துப் போய் காரேங்கிற ஊர் பக்கத்துல படையோட நாசமாப் போறார். அவர் தலைய வெட்டி அர்மீனியாவுக்கு அனுப்புறாங்க. அங்க என்னடான்னா பார்த்திய ராஜா ஒரோடிஸும் அர்மீனிய ராஜா அர்டவாஸ்டிஸும் சம்பந்தியாகி விருந்து சாப்பிட்டுட்டு இருக்காங்க, பொழுதுபோக்குக்கு கிரேக்க நாடகம் ஓடுது. ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிபிடிஸோட 'பாக்கே', பித்துப் பிடிச்ச அம்மா அகாவே தன் மகன் பென்தியஸோட தலையத் தூக்கிட்டு வர்ற கதை. நடிக்கிறவன் பேரு ஜேஸன், ட்ராலிஸ் ஊர்க்காரன். அந்த நேரம் பார்த்து தூதன் உள்ள வந்து க்ராஸஸ் தலைய நடு ஹால்ல வீசுறான். ஜேஸன் என்ன பண்ணான்னா, போட்டிருந்த பென்தியஸ் காஸ்ட்யூமக் கழட்டி கோரஸ்ல, அதாவது சேர்ந்து பாடி ஆடுற கூட்டத்துல, ஒருத்தன்கிட்ட குடுத்துட்டு, தலையத் தூக்கிட்டு, அகாவேவோட பாட்டப் பாட ஆரம்பிச்சுட்டான், மலையில இருந்து புதுசா வெட்டின கொடிய அரண்மனைக்குக் கொண்டு வந்திருக்கோம்னு வரும் அது. எல்லாரும் கைதட்டுறாங்க. பாட்டுல கோரஸ் 'யாரு கொன்னது?'ன்னு கேக்க, 'அந்தப் பெருமை எனக்கு'ன்னு பதில் வரணும். அந்த எடத்துல விருந்துல உட்கார்ந்திருந்த பொமக்ஸாத்ரிஸ்ங்கிறவன் எழுந்து ஓடிவந்து தலையப் புடுங்கிட்டான். ஏன்னா அந்த டயலாக் தனக்குதான் சொந்தம், நடிகனுக்கு இல்லன்னு அவனோட வாதம். நிஜமா வெட்டினது அவன்தானாம். ராஜாவுக்கு ஒரே குஷி, அவனுக்கும் பரிசு, ஜேஸனுக்கு ஒரு டாலன்ட், அந்தக் காலத்துல பெரிய தொகை.

ப்ளூடார்க் இது நடந்து நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு எழுதினவர், கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம், அது பரவால்ல. எனக்கு உறுத்தினது வேற. அதே தலை யூரிபிடிஸ் நாடகத்துல வரும்போது அது வெறும் துணி. லினன் துணிய ஒட்டிப் பெயின்ட் அடிச்ச மாஸ்க். பார்க்குற அத்தன பேருக்கும் அது மாஸ்க்னு தெரியும். ஆனா அந்தத் துணித் தலைய வச்சுட்டு அந்தம்மா பேசுறப்போ வயித்தப் பெசையுது, நிஜத் தலை வந்த எடத்துல கைதட்டல்தான் வருது. இது ஏன்னு யோசிச்சு யோசிச்சு ரெண்டு மாசமா அந்தப் பழைய நாடகங்களையே திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருந்தேன். எனக்கு கிரேக்கம் தெரியாது, ரெண்டு மூணு மொழிபெயர்ப்பப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கிற ஆளு நான், சந்தேகம் வந்தா அகராதி. அதனால இத பண்டிதர் கட்டுரையா எடுத்துக்காதீங்க.

மொதல்ல ஒரு வித்தியாசத்த சொல்லிடணும். ஏதென்ஸ்ல காமெடி எழுதுறவங்களுக்கு 'இது நாடகம்'னு கத்துறதுல ஒரு கூச்சமும் கிடையாது. அரிஸ்டோஃபேனஸோட 'அமைதி', கி.மு. 421, அதுல ஒருத்தன் பெரிய சாணி வண்டு மேல ஏறி வானத்துக்குப் பறக்குறான், அதாவது ஸ்டேஜ் க்ரேன்ல தொங்குறான், நடுவுல பயந்துபோய் 'க்ரேன்காரரே, கொஞ்சம் கவனமா இருங்க சாமி'ன்னு கீழ இருக்கிறவனப் பார்த்துக் கத்துறான். ஆடியன்ஸத் திட்டுறது, ஜட்ஜுங்ககிட்ட பரிசு கேக்குறது, எதிர்ல உட்கார்ந்திருக்கிற அரசியல்வாதியப் பேர் சொல்லிக் கிண்டல் பண்றது எல்லாம் அங்க சகஜம். சோக நாடகத்துல இது ஒண்ணுகூடக் கிடையாது. யாரும் நம்மளத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. 'நாடகம்', 'மேடை', 'நடிகன்'னு வாயால சொல்லவே மாட்டாங்க.

அதனாலயே ரொம்ப நாளா, சோக நாடகம்னா அது தன்னப் பத்தித் தனக்கே தெரியாத சீரியஸ் சமாச்சாரம்னு நெனச்சாங்க. லயனல் ஏபல்ங்கிற அமெரிக்கர் 1963ல 'மெட்டாதியேட்டர்'னு, அதாவது தான் நாடகம்னு தனக்கே தெரிஞ்ச நாடகம்னு, ஒரு வார்த்தைய உருவாக்கினப்போகூட அவர் மனசுல இருந்தது ஷேக்ஸ்பியர் மாதிரி ஆளுங்கதான், அவரப் பொறுத்தவரைக்கும் சோக நாடகம் அதுக்கு எதிர்ப்பக்கம். அப்புறம் 1980 வாக்குல கிரேக்கம் படிச்சவங்க உள்ள பூந்து தேட ஆரம்பிச்சாங்க. தேடினா கெடைக்குது, கிட்டத்தட்ட எல்லா எடத்துலயும். எல்லாம் கதைக்குள்ளயே ஒளிஞ்சுட்டு இருக்கு.

நான் மாட்டிக்கிட்ட முதல் எடம் யூரிபிடிஸோட 'எலக்ட்ரா'.

கதை தெரியாதவங்களுக்கு: அகமெம்னான் ராஜாவ அவன் பொண்டாட்டி க்ளைடெம்னெஸ்ட்ராவும் அவளோட ஆளு ஈஜிஸ்தஸும் சேர்ந்து கொன்னுடுறாங்க. பையன் ஒரெஸ்டிஸ் சின்ன வயசுலயே வெளியூருக்குப் போயிடுறான், பொண்ணு எலக்ட்ரா, தம்பி வந்து பழி வாங்குவானான்னு காத்துட்டு இருக்கா. இந்தக் கதைய ஏஸ்கிலஸ் கி.மு. 458லயே போட்டாச்சு. அதுல ஒரெஸ்டிஸ் வந்துட்டான்னு எலக்ட்ராவுக்கு எப்படித் தெரியுதுன்னா, அப்பா சமாதியில ஒரு முடிக்கொத்து கெடக்கு, பார்த்தா தன் முடி மாதிரியே இருக்கு. பக்கத்துல கால் தடம், தன் கால வச்சுப் பார்த்தா பொருந்துது. அப்புறம் அவ கையால நெய்த துணி. அவ்வளவுதான், அழுகை, கட்டிப்பிடிப்பு. நம்ம சினிமாவுல தொலைஞ்ச அண்ணன் தம்பிங்க குடும்பப் பாட்டப் பாடிச் சேருவாங்களே, அந்த ரகம்.

யூரிபிடிஸ் இந்த சீன எடுத்து அப்படியே தன் நாடகத்துல வைக்கிறார். ஒரு வயசான வேலைக்காரர் சமாதிக்குப் போய்ட்டு வந்து மூச்சு வாங்க எலக்ட்ராகிட்ட சொல்றார், அம்மா அங்க ஒரு முடிக்கொத்து இருக்கு, உன் முடியோட வச்சுப் பாரேன். எலக்ட்ரா ஒரு பார்வை பார்க்குறா. பெரியவரே, அவன் மல்யுத்தம் பண்ற ஆம்பளை, நான் சீப்பு போட்டு வாருற பொம்பளை, ரெண்டு முடியும் எப்படி ஒண்ணா இருக்கும்? சரி கால் தடத்துல கால வச்சாவது பாரும்மா. பாறையில தடம் எப்படி விழும், அப்படியே விழுந்தாலும் ஆம்பளை காலும் பொம்பளை காலும் ஒரே சைஸா? சரி நீ நெய்த துணி ஏதாவது? அவன் போனப்போ நானே சின்னப் பொண்ணு, அப்படியே நெய்திருந்தாலும் கொழந்தையில போட்ட துணிய இப்பவுமா போட்டிருப்பான், உடம்போட சேர்ந்து துணியும் வளருமா?

மூணு பொருள், அதே வரிசை. செத்துப்போன சீனியர் எழுதின சீன ஜூனியர் மேடையில வச்சு லாஜிக் பார்க்குறார். முதல்ல படிக்கிறப்போ இது சும்மா நக்கல்னு நெனச்சுச் சிரிச்சேன். பழைய படத்துல ஹீரோ மச்சம் ஒட்டினா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நாம கலாய்க்கிறோமே அது மாதிரி. ஆனா ரெண்டாவது தடவ படிக்கிறப்போ ஒண்ணு ஒறைச்சுது. எலக்ட்ரா சொல்ற லாஜிக் எல்லாம் கரெக்ட். ஆனா கெழவர்தான் ஜெயிக்கிறார்! அந்த முடி நிஜமாவே ஒரெஸ்டிஸோடதுதான். அவன் அவ வீட்டுக்குள்ளயேதான் இருக்கான். பழைய நாடகத்த நம்பின கெழவருக்கு உண்மை தெரியுது, பழைய நாடகத்தக் கிண்டல் பண்ற புத்திசாலிப் பொண்ணு தன் தம்பியையே அடையாளம் தெரியாம நிக்கிறா. கடைசியில கெழவர் அவனச் சுத்திச் சுத்தி வந்து பார்க்குறார், 'என்னது, வெள்ளிக்காசுல முத்திரை பார்க்குற மாதிரி பார்க்குறாரு'ன்னு ஒரெஸ்டிஸ் கேக்குறான். புருவத்துப் பக்கம் ஒரு தழும்பு, சின்ன வயசுல மான்குட்டியத் தொரத்தி விழுந்தது. அந்தத் தழும்புகூட ஹோமர்கிட்ட இருந்து சுட்டதுதான், ஒடிசியஸத் தழும்ப வச்சுத்தானே கண்டுபிடிப்பாங்க. ஒரு பழைய டெக்னிக்க ஒடச்சுட்டு அதவிடப் பழைய டெக்னிக்ல கொண்டுபோய் முடிக்கிறார் மனுஷன்.

அதே நாடகத்துல இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு வரி, ராத்திரி ஒரு மணிக்கு சத்தமாச் சிரிச்சிட்டேன், உள்ளேர்ந்து வீட்டம்மா 'என்னங்க ஆச்சு'ன்னு கேட்டாங்க. ஈஜிஸ்தஸக் கொல்ல ஒரெஸ்டிஸ் போயிருக்கான். தூரத்துல ஒரு கத்தல் கேக்குது. யாரு செத்தான்னு தெரியல. எலக்ட்ரா, நாம தோத்துட்டோம், இல்லன்னா 'தூதுவங்க எங்க?'ன்னு கேக்குறா. கிரேக்க நாடகம் பார்த்துப் பழகின யாருக்கும் இந்த எடத்துல என்ன வரணும்னு தெரியும். கொலை எப்பவும் வெளியதான் நடக்கும், ஒரு தூதுவன் ஓடிவந்து எம்பது நூறு வரிக்கு நடந்ததச் சொல்லுவான், அது மாமூல். எலக்ட்ராவுக்கும் அந்த மாமூல் தெரிஞ்சிருக்கு! 'வருவாங்க, ராஜாவக் கொல்றது சின்ன விஷயமா'ன்னு கோரஸ் சமாதானம் சொல்லுது. சொல்லி முடிக்கல, தூதுவன் வந்துடுறான். வந்தவனப் பார்த்து இவ 'நீ யாரு, உன்ன எப்படி நம்புறது'ங்கிறா. அவன், 'உங்க தம்பியோட வேலைக்காரன்மா, தெரியலையா?'

சிரிப்பு அடங்கின அப்புறம் பார்த்தா அந்த வரி கத்தி மாதிரி இருக்கு. அந்தக் கணத்துல அவ கையில கத்திய வச்சுட்டு, தம்பி செத்திருந்தா தானும் சாகத் தயாரா நிக்கிறா. தூதுவன் லேட்டானா ஒரு பொண்ணு செத்துடுவா. நாடகத்தோட பழக்கவழக்கம் அவளோட உயிரப் புடிச்சுட்டு இருக்கு. யூரிபிடிஸ் நம்மள ஒரு செகண்டு 'ஆமா, இது நாடகம்தான்'னு யோசிக்க விட்டு, அந்த யோசனையையே அவ கழுத்துல கட்டித் தொங்க விடுறார்.

இதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. கி.மு. 412ல போட்ட 'ஹெலன்'ல ஹெலனும் மெனலாஸும் எகிப்துல மாட்டிட்டு இருக்காங்க, தப்பிக்க ஒரு ப்ளான், மெனலாஸ் செத்துட்டான்னு பொய் சொல்லலாம்னு அவ ஆரம்பிக்க, அவன் 'இது கொஞ்சம் பழைய ஐடியாவா இருக்கே'ங்கிறான். அவ்வளவுதான், மேல போயிடுறாங்க, அந்தப் பழைய ஐடியாதான் வொர்க் அவுட்டும் ஆகுது.

(வேணும்னு பண்றது ஒரு பக்கம், தெரியாம நடக்குறது இன்னொரு பக்கம். கி.மு. 408ல 'ஒரெஸ்டிஸ்' நாடகத்துல ஹெகெலோகஸ்னு ஒரு நடிகர், பைத்தியம் தெளிஞ்சு எழுந்து 'அலைக்கு அப்புறம் அமைதியப் பார்க்கிறேன்'னு உருக்கமா சொல்ல வேண்டிய எடத்துல உச்சரிப்புல ஒரு சின்ன ஏத்த இறக்கம் மாறிப்போய் 'மரநாயப் பார்க்கிறேன்'னு சொல்லிட்டார். கிரேக்கத்துல ரெண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். மூணு வருஷம் கழிச்சும் அரிஸ்டோஃபேனஸ் தன் காமெடியில அத வச்சு ஓட்டினார். ரெண்டாயிரத்து நானூறு வருஷமாச்சு, அந்த மனுஷன இன்னும் நாம விடல பாருங்க.)

சோஃபோக்ளிஸுக்கு வருவோம். இவரும் எலக்ட்ரா கதைய எழுதியிருக்கார், ஆனா ஜாதி வேற. யூரிபிடிஸ் மாதிரி கண்ணடிக்கிற வேலை எல்லாம் இல்ல. ரொம்ப அமைதியா, ரொம்பக் கொடூரமா பண்ணுவார்.

நாடகம் ஆரம்பிக்கிறப்பவே ஒரெஸ்டிஸும் அவன வளர்த்த வாத்தியாரும் வந்து ப்ளான் போடுறாங்க. நீங்க உள்ள போய் நான் டெல்ஃபி தேர்ப் பந்தயத்துல செத்துட்டேன்னு சொல்லுங்க, நான் பின்னாடியே என் அஸ்திக் கலசத்தத் தூக்கிட்டு வரேன், புதருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கோமே அது. பேச்சுல செத்து செயல்ல பொழைச்சா என்ன நஷ்டம்னு வேற சொல்றான். ஸ்க்ரிப்ட் இருக்கு, வேஷம் இருக்கு, ப்ராப் இருக்கு, டைரக்டர் இருக்கார். நாடகத்துக்குள்ள ஒரு நாடகக் கம்பெனி. நம்ம கண்ணு முன்னாடி ரிகர்சல் பார்த்துட்டுப் போறாங்க.

அப்புறம் வாத்தியார் வந்து அந்தத் தேர்ப் பந்தயத்த சொல்றார். எம்பது வரிக்கு மேல. எத்தன தேரு, எந்த ஊர்க்காரன் எந்தக் குதிரை, எந்தத் திருப்பத்துல அச்சு முறிஞ்சுது, கடிவாளத்துல மாட்டி எப்படி இழுபட்டுப் போனான். கிரேக்க நாடகத்துலயே ரொம்ப நல்ல தூதுவன் பேச்சுகள்ல இது ஒண்ணு. முழுக்கப் பொய். நமக்குப் பொய்னு தெரியும், அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் அவங்க பேசி வச்சதக் கேட்டோம். ஆனாலும் தேர் கவுறுறப்போ உள்ள திக்குங்குது. நான் சீட்டு நுனிக்கு வந்துட்டேன், சத்தியமா.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடக்கும், இத யாரும் பெருசா பேசி நான் கேட்டதில்ல. எலக்ட்ராவோட தங்கச்சி க்ரைசோதெமிஸ் சந்தோஷமா ஓடி வரா. அப்பா சமாதியில புதுசா முடிக்கொத்து பார்த்தேன், ஒரெஸ்டிஸ் வந்துட்டான்! அது நிஜம். நிஜமாவே அவன் வச்சதுதான். ஆனா எலக்ட்ரா ஏற்கனவே தேர்ப் பந்தயத்தக் கேட்டுட்டா. அடி பாவி, அவன் செத்துட்டான்டி, அத வேற யாராவது வச்சிருப்பாங்கங்கிறா. நல்லா நடிச்ச பொய்க்கு முன்னாடி தடுமாறிப் பேசின உண்மை தோத்துப்போய் தலையத் தொங்கப் போட்டுட்டுப் போகுது. தன் வாழ்நாள் முழுக்க மேடைக்கு எழுதின ஒருத்தர் இத எழுதியிருக்கார்ங்கிறத மனசுல வச்சுப் பாருங்க.

அப்புறம்தான் கலசம் வருது. ஒரெஸ்டிஸ் வேத்தாள் மாதிரி வந்து அவ கையிலயே குடுக்குறான். அவ அத வாங்கிக் கட்டிப்பிடிச்சு அழற அழுகை இருக்கே. இவ்வளவுதானாடா நீ, உன்ன எப்படி அனுப்பி வச்சேன், எப்படி வந்திருக்க, உன்னத் தூக்கி வளர்த்தேனே எல்லாம் வீணா, இந்தச் சின்னக் கலசத்துக்குள்ள என்னையும் வச்சுக்கோன்னு கேக்குறா. கலசம் காலி. ஆள் எதிர்ல உயிரோட நிக்கிறான். அவளத் தவிர அந்தத் தியேட்டர்ல அத்தன பேருக்கும் அது காலின்னு தெரியும். ஒரு அர்த்தத்துல பார்த்தா மேடையில எல்லா ப்ராப்பும் காலிதானே, எந்த நாடகத்துல அஸ்திக் கலசத்துக்குள்ள அஸ்தி இருந்திருக்கு? சோஃபோக்ளிஸ் அத மறைக்கல, கதையாவே ஆக்கிட்டார். காலிப் பாத்திரத்தக் கட்டிட்டு அழறவளப் பார்த்து நாம அழறோம், நாம பண்றதும் அதே வேலை. அவளாவது தெரியாம அழறா. நாம தெரிஞ்சே அழறோம். முக்கியமா, இந்தக் கூத்த எழுதி டைரக்ட் பண்ண ஒரெஸ்டிஸ் இருக்கானே, அவனாலயே தாங்க முடியல. நாக்கு கட்டுக்கடங்காமப் போய் வேஷத்தக் கலைச்சுடுறான். ப்ளான் எல்லாம் காத்துல பறக்குது.

இந்தக் கலசத்துக்கு ஒரு பின்கதை உண்டு. ஆலஸ் கெல்லியஸ்னு கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் சொல்றார். போலஸ்னு பேர் பெற்ற கிரேக்க நடிகர், அவரோட பிரியமான மகன் செத்துப் போயிடுறான். துக்கம் எல்லாம் முடிஞ்சு திரும்ப நடிக்க வர்றப்போ ஏதென்ஸ்ல எலக்ட்ரா வேஷம். போலஸ் நேரா சமாதிக்குப் போய் மகனோட அஸ்திக் கலசத்த எடுத்துட்டு வந்து, அதக் கையில வச்சுட்டு அந்த வசனத்தப் பேசினாராம். நடிப்பு இல்ல, நிஜ அழுகையே தியேட்டர் முழுக்க நெறஞ்சுதுன்னு கெல்லியஸ் பாராட்டுறார்.

நான் இத மொதல்ல படிச்சப்போ 'அடேயப்பா, என்ன நடிகன்'னு நெனச்சேன். இப்ப எனக்கு அந்தப் பாராட்டுல சம்மதம் இல்ல. மகன எழந்த மனுஷன் எப்படி வேணா அழட்டும், அதச் சொல்ல நான் யாரு. ஆனா நாடகத்துக்கு அது என்ன பண்ணிச்சு? சோஃபோக்ளிஸ் பார்த்துப் பார்த்துக் காலியா வச்ச பாத்திரத்த இவர் ரொப்பிட்டார். அந்த சீனோட உயிரே அது காலிங்கிறதுலதான் இருக்கு. அங்க அழுதது போலஸ், எலக்ட்ரா இல்ல. க்ராஸஸ் தலையோட ஜேஸன் பண்ணது அசிங்கமான வழி, போலஸ் பண்ணது உருக்கமான வழி, போய்ச் சேர்ற ஊர் என்னமோ ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது.

ஏதென்ஸ்காரங்களுக்கே இது முன்னாடியே புரிஞ்சிருந்துச்சு போல. ஃப்ரைனிகஸ்னு ஏஸ்கிலஸுக்கு முந்தின தலைமுறைக் கவிஞர். கி.மு. 494ல பாரசீகப் படை மிலீட்டஸ் நகரத்த நாசம் பண்ணிச்சு, ஏதென்ஸோட நெருங்கின சொந்தபந்த ஊர் அது. கொஞ்ச நாள்லயே இவர் அத அப்படியே நாடகமாப் போட்டுட்டார். தியேட்டர் மொத்தமும் கதறி அழுதுச்சு. அழ வச்சதுக்குப் பரிசு குடுத்தாங்களான்னா, ஆயிரம் ட்ராக்மா அபராதம்! சொந்த வீட்டு எழவ நெனப்பூட்டினதுக்கு. அந்த நாடகத்த இனி யாரும் போடக் கூடாதுன்னு உத்தரவு வேற. வரலாறு எழுதின ஹெரோடோட்டஸ் இத எழுதி வச்சிருக்கார். நிஜம் ரொம்பப் பக்கத்துல வந்தா அது நாடகமா இருக்கிறத நிறுத்திடுதுன்னு அந்த ஜனம் பணமாவே வசூல் பண்ணிச் சொல்லிடுச்சு.

கோரஸப் பத்தி சொல்லாம விட்டா பாவம். 'ஈடிபஸ்' நாடகத்துல கோரஸ் யாரு? கதைப்படி தீப்ஸ் நகரத்துப் பெரியவங்க. நிஜத்துல மாஸ்க் போட்ட 15 ஏதென்ஸ்காரங்க, டயோனிசஸ் சாமி திருவிழாவுல, அந்த சாமி கோயில ஒட்டின தியேட்டர்ல, சாமிக்கு ஆடிட்டு இருக்கவங்க. நாடகத்துல ராணி ஜொகாஸ்டா, குறி சொல்றதெல்லாம் சும்மா, அப்பல்லோ வாக்கு பலிக்கலன்னு ஏளனமாப் பேசிட்டு உள்ள போறா. கோரஸ் கலங்கிப் போய்ப் பாடுது. அக்கிரமம் பண்றவனுக்குத்தான் மரியாதைன்னா, நான் எதுக்கு ஆடணும்?

தீப்ஸ் பெரியவங்க எதுக்கு ஆடப் போறாங்க, ராஜா கூப்பிட்டு அனுப்பி வந்த வயசான ஆளுங்க. ஆடுறது அந்த 15 பேரு. அந்த ஒரு வரியில மாஸ்க் கழண்டு விழல, ஆனா அதுக்குள்ள இருக்கிற கண்ணு தெரியுது. சாமியோட வாக்கு பொய்னா இந்தத் திருவிழா எதுக்கு, இந்த ஆட்டம் எதுக்கு, வெயில்ல வந்து நீ உட்கார்ந்திருக்கியே அது எதுக்கு? கேட்டுட்டு அவங்க பாட்டுக்கு அடுத்த அடிக்குப் போயிடுறாங்க. ஆடிட்டேதான் கேக்குறாங்க, அதுதான் அதுல விசேஷம். ஆட்டத்த நிறுத்தவே இல்ல.

இதப் பத்தி அறிஞர்களுக்குள்ள சண்டை உண்டு. சோக நாடகத்துல இப்படி எல்லாம் கெடையாது, ஆடுறதுன்னா பொதுவா சாமி கும்பிடுறதுதான்னு சொல்றவங்க இருக்காங்க. இருக்கட்டும். எனக்கு அந்த வரி ஒவ்வொரு தடவையும் முதுகுல ஜில்லுங்குது.

சரி, 'பாக்கே'. யூரிபிடிஸ் கடைசி காலத்துல மாசிடோனியாவுல இருந்தப்போ எழுதினது, அவர் செத்த அப்புறம்தான் ஏதென்ஸ்ல போட்டாங்க, முதல் பரிசு கெடைச்சுது. உயிரோட இருந்தப்போ மொத்தம் நாலு தடவதான் ஜெயிச்சிருந்தார் பாவம்.

இதுல ஹீரோவோ வில்லனோ, எப்படியோ வச்சுக்குங்க, அது டயோனிசஸேதான். யாரு கோயில் பக்கத்துல தியேட்டர் இருக்கோ, யாரு பூசாரி முதல் வரிசையில உட்கார்ந்து பார்க்குறாரோ அந்த சாமி. முதல் வரியிலயே 'வந்துட்டேன்'ங்குறார். மனுஷ வேஷத்துல வந்திருக்கேன், தீப்ஸ் என்னச் சாமின்னு ஒத்துக்கல, காட்டுறேன் பாருங்கன்னு. ஒரு நடிகன் சாமி வேஷம் போட்டிருக்கான், அந்த சாமி மனுஷன் வேஷம் போட்டிருக்கு. எத்தன அடுக்கு. ராஜா பென்தியஸுக்கு இதெல்லாம் புடிக்காது, பொம்பளைங்க வீட்ட விட்டு மலைக்குப் போய் ஆடுறாங்களாம், ஒழுக்கக்கேடுன்னு எல்லாத்தையும் தடை பண்றான். ஆனா உள்ளுக்குள்ள அதப் பார்க்கணும்னு ஒரு அரிப்பு. சாமிக்கு அது தெரியும். மெதுவாக் கேக்குது, அவங்கள மலையில உட்கார்ந்திருக்கிறப்போ பார்க்கணுமா? எவ்வளவு தங்கம் வேணா குடுப்பேங்கிறான் இவன். பார்க்குறவன்னு சொல்ல அங்க யூரிபிடிஸ் போடுற வார்த்தை, தியேட்டர்ல உட்கார்ந்து பார்க்குற ஆளுக்குச் சொல்ற அதே வார்த்தை. ஆக டிக்கெட் வாங்கியாச்சு. ஆனா ஒரு கண்டிஷன், பொம்பளை வேஷம் போட்டாதான் போக முடியும்.

வேஷம் போட எங்க போறான்? அரண்மனைக்குள்ள. மேடைக்குப் பின்னாடி இருக்கிற அந்தக் கட்டடத்துக்குப் பேரு 'ஸ்கேனே', கூடாரம்னு அர்த்தம், நாம சொல்ற 'சீன்' அங்க இருந்து வந்ததுதான். நடிகனுங்க மாஸ்க் மாத்துற, துணி மாத்துற எடமும் அதுதான். பென்தியஸ் நிஜமாவே மேக்கப் ரூமுக்குப் போய்ட்டு வர்றான். வெளிய வந்த அப்புறம் நடக்குற சீன்தான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் உச்சம். அவனுக்கு ரெண்டு சூரியன் தெரியுது, ரெண்டு தீப்ஸ் தெரியுது, டயோனிசஸ் தலையில மாட்டுக் கொம்பு தெரியுது. அதப் பத்திக் கவலைப்படாம, எப்படி இருக்கேன், எங்க அம்மா அகாவே மாதிரி நிக்கிறேனான்னு கேக்குறான். அப்படியே அவங்களப் பார்த்த மாதிரி இருக்குப்பா, ஆனா ஒரு முடி வெளிய வந்துருச்சே, நான் சொருகின எடத்துல இல்லையே. அது நான் உள்ள தலையாட்டிப் பார்த்தேன், அதுல வந்திருக்கும். இரு, நான் சரி பண்றேன், தலைய நிமிர்த்து. பெல்ட் லூசா இருக்கு, மடிப்பு கணுக்கால்ல நேரா விழல. ஆமா வலது பக்கம் சரியில்ல, இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. கோல வலது கையில பிடிக்கணுமா இந்தக் கையிலயா? வலது கையில, வலது கால் தூக்குறப்போ சேர்ந்து தூக்கணும்.

ஆண்டு விழாவுக்கு வேஷம் கட்டிக்கிட்டு அம்மா முன்னாடி நிக்கிற பையன்தான் ஞாபகத்துக்கு வர்றான். சிரிப்பு வரும். சாகப் போறவன வச்சுச் சிரிக்கிறோம்னு தெரிஞ்சும் வரும். இதுல இன்னொரு அடுக்கு: அந்த மேடையில பொம்பளை வேஷம் எல்லாமே ஆம்பளைங்கதான் போட்டாங்க. ஸ்கேனேக்குள்ள ஒவ்வொரு நடிகனும் ஒவ்வொரு தடவையும் பண்ற வேலை இது, மடிப்பு சரியா இருக்கா, நடை சரியா இருக்கான்னு. அத யூரிபிடிஸ் வெளிய வெளிச்சத்துல கொண்டு வந்து நிறுத்திட்டார். ரகசியத்த ஒடச்சுட்டார், ஆனா கதை ஒடையல. டயோனிசஸ் டைரக்டர், காஸ்ட்யூமர், நடிகன், நாடகத்துக்கே சாமி, எல்லாம் ஒரே ஆளு. பென்தியஸ் தலைய அவர்கிட்ட குடுத்துட்டு, நீயே அலங்காரம் பண்ணு, நான் இனி உன் கையிலங்கிறான்.

மலைக்குப் போனதும் உயரமான மரத்து உச்சியில அவன ஏத்தி உட்கார வைக்குது சாமி. நல்லாப் பார்க்கலாம்னு. பார்க்குறதுக்கு முன்னாடி அவங்க இவனப் பார்த்துட்டாங்க. ஆடியன்ஸ்ல உட்கார்ந்திருந்தவன் ஒரே வரியில ஸ்டேஜுக்கு வந்துட்டான். மரத்தப் புடுங்கி சாய்ச்சுடுறாங்க. முதல்ல பாய்ஞ்சு வர்றது அம்மா அகாவே. அப்போ அவன் செய்யுற வேலை, தலையில கட்டியிருந்த அந்தப் பட்டையப் பிச்சு எறியுறான். வேஷத்தக் கலைக்கிறான். அம்மா நான்தான்மா, உன் புள்ள பென்தியஸ்னு அவ கன்னத்தத் தொடுறான். சோஃபோக்ளிஸ்ல ஒரெஸ்டிஸ் வேஷத்தக் கலைச்சதும் அக்கா கண்டுபிடிச்சா. இங்க அம்மாவுக்கு அடையாளம் தெரியல. இதெல்லாம் தூதுவன் வந்து சொல்றதுதான், நாம எதையும் பார்க்கல.

நாம பார்க்குறது அப்புறம். அகாவே தலையோட வர்றா, சிங்கத்தக் கொன்னுட்டேன்னு பெருமையா. மூணே நடிகருங்கதான் எல்லா வேஷமும் போடணும்ங்கிறதால, பென்தியஸா நடிச்ச அதே ஆள்தான் இப்ப அகாவேன்னு பெரும்பாலானவங்க நெனைக்கிறாங்க. அப்படின்னா அவன் கையில இருக்கிறது கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் அவன் மூஞ்சியில இருந்த மாஸ்க். அம்மா மாதிரி இருக்கேனான்னு கேட்டானே, அவனேதான் இப்ப அம்மா. தாத்தா கட்மஸ் அவகிட்ட, உன் கையில இருக்கிறது யாரோட 'ப்ரோசோபோன்'னு கேக்குறார். கிரேக்கத்துல முகம்னாலும் அதே வார்த்தை, மாஸ்க்னாலும் அதே வார்த்தை. நம்ம 'வேஷம்' இருக்கே, மேடையில போட்டாலும் வேஷம், ஊர ஏமாத்தினாலும் வேஷம், அது மாதிரி ஒரு எடத்துல ரெண்டு அர்த்தமும் ஒட்டிட்டு நிக்குது. யாரோட முகம், யாரோட மாஸ்க். அத மாஸ்க்காவே பார்த்துட்டு இருந்த எனக்கு அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் முகம் தெரிஞ்சுது.

ஆனா கட்மஸ் அத நேரடியாக் கேட்டுடல. தெளிய வைக்க மொதல்ல அவர் சொல்றது வேற. கொஞ்சம் வானத்தப் பாரும்மாங்கிறார்.

அகாவே பார்க்குறா. பார்த்தாச்சு, எதுக்கு?

முன்ன மாதிரியே இருக்கா, மாறியிருக்கா?

அக்ரோபோலிஸ் தெக்கு சரிவுல கூரையே இல்லாத தியேட்டர், பகல் வெளிச்சம். அரண்மனை பொய், தலை துணி, அம்மா ஒரு ஆம்பளை. அவ அண்ணாந்து பார்க்குற வானம் மட்டும் எல்லாருக்கும் மேல இருக்கிற அதே வானம். அவ சொல்றதக் கேட்டு எத்தன பேர் கூடவே அண்ணாந்து பார்த்திருப்பாங்களோ.

முன்னவிட வெளிச்சமா இருக்குங்கிறா. தெளிவாவும் இருக்காம்.